தின்னாத தீனி

கையளவு தீனியை அள்ளித் தண்ணீரில் வீசிவிட்டு அவள் கரையிலிருந்து குளத்துக்குள் நீண்ட பலகையின் நுனியில் காத்து நின்றாள். வெயில் அடிக்கிற நாளென்றால் தீனி விழுந்த இடத்தில் தண்ணீர் கொதிக்கும். மீன்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே வரும். அவை வாலால் அடிக்கிற அடியில் அவள் முழங்கால்வரை நனைந்துபோவாள். இன்று குளம் அசையவே இல்லை. உருண்டைகள் விழுந்த இடத்திலேயே மூழ்கின. நாலைந்து குமிழி வந்தது, அதோடு சரி.

இன்னொரு பிடி வீசினாள். அதற்கும் அதே கதிதான். காலடியில் சாக்கு பாதிகூடக் குறையாமல் உட்கார்ந்திருந்தது. கரையில் இன்னொரு சாக்கு வாய் பிரிக்காமல் நின்றது. சாயங்காலத்துக்குள் இரண்டும் காலியாக வேண்டும்.

வானம் மூடிக்கொண்டு சில நாளாகிவிட்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பகல் முழுக்க விடிந்தும் விடியாத மாதிரியே கிடந்தது. இப்படிப்பட்ட நாட்களில் மீன் இரை எடுக்காது என்பது பண்ணையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். போதாக்குறைக்கு, பச்சையாக இருந்த தண்ணீர் இரண்டு நாளாகப் பழுப்பேறிக்கொண்டு வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கிறதா இல்லையா என்று அவளை யார் கேட்டார்கள்?

அந்தப் பண்ணையில் வரிசையாக எட்டுக் குளங்கள்; மீனை ரொம்ப நெருக்கமாக விட்டிருந்தது மூணாவதில்தான். ஒவ்வொன்றின் கரையிலும் தகரம் போட்ட ஓர் அறை, அறைக்கு ஒரு குடும்பம். தீனி போடுவது, பறவை விரட்டுவது, தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கிற சக்கரங்களை ஓட்டுவது எல்லாம் அந்தக் குடும்பத்தின் பாடு. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அங்கே இல்லை. அவள் மூணாங்குளத்துக்காரி, அவள் புருஷன் மூணாங்குளத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்குகிற மகளைக்கூட மூணாங்குளத்துப் பொண்ணு என்றுதான் சொல்வார்கள். வேலை போனால் பெயரும் கூடவே போய்விடும் என்று புருஷன் வேடிக்கையாகச் சொல்வான்.

காலையில் வண்டி வந்து அந்தந்தக் குளத்துச் சாக்குகளை இறக்கிவிட்டுப் போகும். சாயங்காலம் சூப்பர்வைசர் மோட்டார் சைக்கிளில் வந்து காலிச் சாக்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொள்வார் என்றால் சும்மா இல்லை. உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுவார், உதறுவார், தையலை விரலால் நீவிப் பார்ப்பார். மீன் தீனிக்கு வெளியே நல்ல கிராக்கி. கோழி வளர்க்கிறவர்களும் பன்றி வளர்க்கிறவர்களும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார்கள். அதனால் கொடுத்த தீனி அன்றன்றைக்கே குளத்தில் விழுந்தாக வேண்டும், அறையில் ஒரு பிடி தங்கக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. சூப்பர்வைசருக்குச் சாக்கு சார் என்று பட்டப்பெயர் விழுந்ததும் இப்படித்தான்.

அவள் கொழுந்தன், புருஷனின் தம்பி, முதல் குளத்தில் இருந்தவன். போன மழைக்காலத்தில் மீன் தின்னாத ஒரு நாள், பாதிச் சாக்குத் தீனியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, எங்கோ கிடந்த ஒரு பழைய சாக்கைச் சாக்கு சாரிடம் நீட்டினான். மறுநாள் வெயில் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்பது அவன் நினைப்பு. அன்றைக்கே பிடிபட்டான். திருடன் என்று சொல்லி, பெண்டாட்டி பிள்ளைகளோடு அவனை வெளியே அனுப்பினார்கள். சுற்று வட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் சேதி அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கே போய் நின்றாலும் சாக்கு ஒளித்தவன்தானே நீ என்று கேட்டார்கள். இப்போது எங்கோ செங்கல் சூளையில் கல் சுமப்பதாகக் கேள்வி.

அவன் மூட்டை முடிச்சோடு கரைமேல் நடந்து போனதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள் அறையில் ஓர் உருண்டை தங்கியதில்லை. வாசலில் சிந்தியதைக்கூடக் கூட்டி அள்ளிக் குளத்தில் போட்டுவிடுவாள்.

அன்று சாக்கு சார் வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். ஒரு சாக்குதான் காலியாகியிருந்தது. மற்றதில் பாதிக்கு மேல் இருந்தது. அவள் பலகையிலிருந்து இறங்கி வந்து, மீன் இரை எடுக்காததையும் தண்ணீரின் நிறம் மாறுவதையும் சொன்னாள். மிச்சத்தை நாளைக்குப் போடட்டுமா, இல்லையென்றால் நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றாள். அவர் வண்டியை விட்டு இறங்காமலே குளத்தைப் பார்த்தார். அவரும் நேற்று வந்தவர் இல்லை. மீனைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மிச்சத்த நான் எடுத்துட்டுப் போனா, நான் வித்துட்டேன்னு சொல்லுவாங்கம்மா. எனக்கு மேலயும் ஆளு இருக்கு. எனக்கு வேண்டியது காலிச் சாக்கு."

"மீனு திங்கலயே சார்."

"உன் கொழுந்தனும் இதத்தான் சொன்னான்."

அவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். இந்தமுறை பிடி பிடியாக வீசவில்லை; வாயைக் கவிழ்த்து அப்படியே கொட்டினாள். அவர் சாக்கை வாங்கிப் புரட்டினார், உதறினார், மடித்துப் பின்னால் கட்டிக்கொண்டு நாலாம் குளத்துப் பக்கம் வண்டியை விட்டார்.

அறைக்குள் மகள் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அவளுக்குப் பொதுத்தேர்வு. பள்ளிக்கூடம் பண்ணை வாசலிலிருந்து நடக்கிற தூரம்தான். இந்த அறை இருக்கிறவரைக்கும்தான் அந்தப் பள்ளிக்கூடம் என்பது அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியும்; அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

பாடத்திலும் குளம்தான். பாசி சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது, அப்போது ஆக்சிஜனை வெளிவிடுகிறது. பாசியைச் சின்ன உயிர்கள் தின்கின்றன, அவற்றை மீன் தின்கிறது, மீனைப் பறவை தின்கிறது. செத்து விழுவதையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் சிதைத்து மறுபடி பாசிக்கே உரமாக்குகின்றன. பக்கம் முழுக்கப் படம். மூலையில் ஒரு சூரியன், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறிகள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இதுல தீனி போடுறவ எங்க?"

"இது தானா இருக்குற குளம்மா. யாரும் தீனி போட வேண்டாம்."

"அப்ப சாக்கு சாரும் வரமாட்டாரா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த அம்புக்குறியிலும் அவர் இல்லை என்றாள்.

"குடுத்து வச்ச குளம்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

புருஷன் இடுப்புவரை நனைந்து உள்ளே வந்தான். சக்கரத்தில் சிக்கிய பாசியை எடுக்க இறங்கியிருந்தான். பாசியெல்லாம் செத்துக் கொழகொழவென்று கையோடு வருகிறது, பலகைப் பக்கம் தண்ணீர் நாறுகிறது என்றான். உடம்பைத் துவட்டிக்கொண்டான். பிறகு, மகள் காதில் விழாதபடி அவளிடம் ஒரு யோசனை சொன்னான். நாளையிலிருந்து கொஞ்சம் மட்டும் போடுவோம். மிச்சத்தை அறைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் காலிச் சாக்கைக் கொடுத்துவிடுவோம்.

அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். நாய் தோண்டி வெளியே இழுத்துப் போட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். புதைத்து வைத்து விற்கப் பார்த்தார்கள் என்றுதானே சொல்வார்கள்? உங்கள் தம்பி கட்டிலுக்கடியில் வைத்ததற்கே அந்தப் பாடு பட்டான்.

"குளம் கெட்டுப் போயிடும்டி," என்றான் அவன்.

"மீனு செத்தா முதலாளிக்குத்தாங்க நஷ்டம். பேரு கெட்டுச்சுன்னா நமக்கு. சொன்னபடி கொட்டிட்டுப் போறேன், விடுங்க."

அவன் விட்டுவிட்டான். அவள் பேச்சில் தப்பு கண்டுபிடிக்க அவனால் முடியவில்லை.

அதற்கடுத்த நாட்களிலும் வானம் வெளுக்கவில்லை. வண்டி வந்தது, சாக்குகள் இறங்கின, அவள் கொட்டினாள். பலகைக்குக் கீழே அடியிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்து உடைந்தன. உடைகிறபோது அழுகிய முட்டை நாற்றம். அவள் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு கொட்டினாள். சாக்கு சார் ஒவ்வொரு சாயங்காலமும் சாக்கைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டல் கிடைத்தால் அவளுக்கு அன்றைய பொழுது கழிந்த மாதிரி.

பிறகு ஒரு நாள் விடிகிற நேரத்தில், சக்கரங்களின் இரைச்சலையும் மீறி ஒரு சத்தம் அவளை எழுப்பியது. ஊரே கூடி உட்கார்ந்து சப்புக்கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கதவைத் திறந்து பார்த்தாள். குளம் முழுக்க வாய்கள். கரையிலிருந்து கரைவரை மீன்கள் தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, காற்றைக் கடித்துக்கொண்டிருந்தன. அவள் கத்திய கத்தலில் புருஷன் எழுந்து ஓடிவந்து, அப்படியே குளத்தில் குதித்தான்.

அக்கம்பக்கத்துக் குளத்துக்காரர்கள் வாளிகளோடு ஓடிவந்தார்கள். யாரோ புதுத் தண்ணீர் விட வாய்க்கால் மோட்டாரைப் போட்டார்கள். புருஷன் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒரு மரப்பலகையால் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தான். அவள் வாளியில் மொண்டு உயரத் தூக்கி ஊற்றினாள். ஊற்றுகிற தண்ணீரோடு கொஞ்சம் காற்று போகாதா என்ற ஆசை. மகளும் கைக்குக் கிடைத்த பள்ளிச் சீருடையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். பெரிய மீன்கள்தான் முதலில் போயின. வாயைத் திறந்தது திறந்தபடி பக்கவாட்டில் சாய்ந்தன. நன்றாக வெளிச்சம் வந்தபோது குளம் வெள்ளை வெளேரென்று வயிறுகளாகக் கிடந்தது. புருஷன் அப்போதும் பலகையால் அடித்துக்கொண்டிருந்தான். நாலைந்து பேர் இறங்கிப் பிடித்துத்தான் அவனைக் கரையேற்ற வேண்டியிருந்தது.

முதலாளி வந்தபோது செத்த மீன்களைக் கரையில் குவித்திருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. தராசு கொண்டுவரச் சொல்லி, பத்துப் பதினைந்து மீன்களை எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். இந்தப் பருவம் முழுக்கவே வெயில் விட்டு விட்டுத்தான் அடித்திருந்தது. மீன் தின்ற நாளைவிடத் தின்னாத நாள் அதிகம். ஆனால் சாக்குகள் தினமும் இறங்கின, தினமும் காலியாகின. இறங்கிய தீனிக்கு மீன் இந்தக் கனம் இருக்க வழியில்லை என்றார் அவர். சொல்லிவிட்டு முதல்முறையாக அவளையும் புருஷனையும் நிமிர்ந்து பார்த்தார். மீன் பட்டினியால் செத்திருக்கிறது, தீனி வேறு எங்கேயோ போயிருக்கிறது என்றார்.

சாக்கு சார் இரண்டு ஆட்களோடு அறைக்குள் நுழைந்தார். பாயை உதறினார்கள், பானைகளைக் கவிழ்த்தார்கள், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் குச்சி விட்டுக் குடைந்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் முதலாளி அதைக் கேட்டுவிட்டு ஒப்பாமல் தலையை ஆட்டினார்.

"வித்து முடிச்சிருப்பாங்க. வீட்டுலயா வச்சிருப்பாங்க?"

போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடலாமா என்று அவர் சாக்கு சாரைக் கேட்டார். புருஷன் குளிரிலும் களைப்பிலும் நடுங்கிக்கொண்டு நின்றான். மகள் ஈரச் சீருடையோடு கதவோரம் ஒட்டிக்கொண்டிருந்தாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதலாளிக்கு நேரே போய் நின்றாள்.

"குளத்த இறைச்சுப் பாருங்க ஐயா. போட்டது அத்தனையும் அங்கதான் கெடக்கும். நான் ஒரு பிடி எடுத்திருந்தேன்னா அப்புறம் போலீஸக் கூப்பிடுங்க."

மறுபடி மீன் விட வேண்டுமென்றால் எப்படியும் குளத்தை வற்றவைக்கத்தான் வேண்டும். முதலாளி சரி என்றார். மற்றக் குளங்களுக்கும் இந்தக் கேடு பரவிவிடக் கூடாதே என்று, நகரத்திலிருந்து தண்ணீர் பரிசோதிக்கிற ஓர் அம்மாளையும் வரச்சொன்னார்.

மோட்டார் இரவும் பகலும் ஓடியது. ஒரு பக்கம் செத்த மீன்களைக் குழியில் தள்ளிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். அவள் கரையை விட்டு நகரவில்லை. தண்ணீர் இறங்க இறங்கக் கரையின் சரிவில் ஈரக் கோடு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பக்கத்துக் குளத்துக்காரர்கள் அந்த வழியாகப் போனாலும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்றுவரை வாளி தூக்கி ஓடிவந்தவர்கள்தான். அவள் அவர்களைக் குறை நினைக்கவில்லை. கொழுந்தன் போனபோது அவளும் இப்படித்தான் கதவைச் சாத்திக்கொண்ட நாட்கள் உண்டு.

அவளுக்கு இருந்த பயம் வேறு. தீனி தண்ணீரோடு கரைந்து போயிருந்தால்? மீன் தின்றதா, கரைந்ததா, விற்றதா என்று யார் பிரித்துச் சொல்ல முடியும்? புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நீ அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது என்றான். ஏன் என்று கேட்டாள். என்னவோ மனசுக்குச் சரியாகப் படவில்லை என்று மட்டும் சொன்னான். சந்தேகப்படுவதற்கு வேறு நாள் கிடைக்கவில்லையா என்று அவள் சீறினாள்.

மறுநாள் மத்தியானம் அடி தெரிந்தது. முதலாளியும் சாக்கு சாரும் கரையில் நின்றார்கள். தண்ணீர் பரிசோதிக்கிற அம்மாள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் ஒரு நீளக் கழியோடு இறங்கத் தயாராக இருந்தாள். குளத்தின் மற்ற இடமெல்லாம் வெறும் சாம்பல் நிறச் சேறு. பலகைக்கு முன்னால் மட்டும் கன்னங்கரேலென்று ஒரு மேடு.

மூணாங்குளத்துக்காரி யாரையும் கேட்கவில்லை. துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். முழங்காலுக்கு மேல் புதைந்தது. இரண்டு கையாலும் அந்தக் கருஞ்சேற்றைத் தோண்டினாள். உள்ளே ஊறி வீங்கிய உருண்டைகள், பாதி உடைந்தவை, வெள்ளைப் பூசணம் கட்டியவை. தீனிதான். எவ்வளவு தோண்டினாலும் தீனி. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிக் கரையேறி, முதலாளி முன்னால் நீட்டினாள். கருப்புத் தண்ணீர் அவள் முழங்கைவழியாக ஒழுகியது.

"பாருங்க ஐயா. எல்லாம் இங்கதான் இருக்கு. இன்னும் தோண்டினா இன்னும் வரும்."

முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்து சாக்கு சாரைப் பார்த்தார். சாக்கு சார் ஆமாம் என்கிற மாதிரி கண்ணை மூடித் திறந்தார். பக்கத்துக் குளத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர் கரைமேல் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் பார்க்கட்டும் என்று அவள் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

அந்த அம்மாள் இறங்கிப் போய் மேட்டில் கழியை ஊன்றினாள். கழி பாதிக்கு மேல் உள்ளே போனது. ஒரு சின்னக் குப்பியில் சேறு எடுத்துக்கொண்டு, பூட்ஸைக் கழுவிவிட்டு வந்தாள். பட்டினி இல்லை, விஷமும் இல்லை, இதுதான் காரணம் என்றாள். முதலாளிக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னாள். வெயில் இல்லாத நாளில் பாசி காற்றைக் கொடுக்காது. நிறையவே செத்தும் போகும். அந்த நேரத்தில் மீனும் தின்னாது. தின்னாத தீனியும் செத்த பாசியும் அடியில் போய் அழுகும்.

"அழுக வைக்கிற கிருமிக்கும் உயிர் இருக்கு சார். அதுங்களும் மூச்சு விடணும். இவ்வளவு தீனி கெடச்சா அதுங்க பெருகிக்கிட்டே போகும். தண்ணியில இருந்த காத்தையெல்லாம் அதுங்க எடுத்துக்கிச்சு. மீனுக்கு மிச்சம் இல்ல."

"அப்ப தீனியக் கொறச்சிருந்தா?"

"பாதி மீனாவது பொழச்சிருக்கும். மூடின நாள்ல போடாமயே இருந்திருந்தா இன்னும் நல்லது."

முதலாளி மூணாங்குளத்துக்காரியின் கையிலிருந்த கருஞ்சேற்றை மறுபடி பார்த்தார்.

"இதப் போட்டது யாரு?"

"நாந்தாங்க ஐயா," என்றாள் அவள். மகிழ்ச்சியோடுதான் சொன்னாள். சொன்ன பிறகு அந்த இடத்தில் ஏன் ஒருவரும் பேசவில்லை என்று அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புருஷன் தலையில் கையை வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் அவள் கை கீழே இறங்கியது.

அவள் சாக்கு சாரைப் பார்த்தாள். இவர்தான் தினமும் காலிச் சாக்கு கேட்டார், மீன் தின்னவில்லை என்று நான் அவரிடமே சொன்னேன் என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. சாக்கு சார் அவள் பக்கம் திரும்பவில்லை. முதலாளியைப் பார்த்தே பதில் சொன்னார்.

"நான் கேட்டது காலிச் சாக்கு சார். மீனு திங்காதத கொட்டுன்னு நான் சொல்லலையே."

அந்த அம்மாள் கழியைத் துடைத்துக்கொண்டே, மிச்சம் பிடித்து வைக்க இவர்களுக்கு அனுமதி இருந்ததா என்று கேட்டாள். அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அத நாங்க பாத்துக்கிறோம் மேடம்," என்றார் முதலாளி. அந்த அம்மாளைக் காரில் ஏற்றிவிட ஆள் வந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை என்று பண்ணையில் சொல்வார்கள். அன்றும் அவர் கத்தவில்லை. நீங்கள் திருடவில்லை என்பது தெரிந்துவிட்டது, திருடியதாக எங்கேயும் யாரிடமும் சொல்ல மாட்டேன், அதற்கு என் வார்த்தை என்றார். ஆனால் ஒரு குளத்து மீனைச் சாகடித்தவர்களை இன்னொரு குளத்தில் எப்படி வைத்துக்கொள்ள முடியும்? காலையில் புது ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்பதைச் சாக்கு சார் பிறகு வந்து சொன்னார். போலீஸ் வேண்டாம் என்று முதலாளி பெருந்தன்மையாக விட்டுவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அன்று அறையில் யாரும் விளக்குப் போடவில்லை. மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தேர்வைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை; கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றியது. குழி தோண்டிப் புதைக்கலாம் என்று புருஷன் சொன்னதை அவன் எடுத்துக் காட்டவில்லை. அவள்தான் எடுத்தாள்.

"நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா திருடங்கன்னு போயிருப்போம்," என்றான் அவன். இருட்டிலேயே துணி மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டே, "இப்ப அது இல்ல பாரு," என்றான். அதைச் சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

காலையில் கிளம்பினார்கள். பாய், இரண்டு பானை, துணி மூட்டை, மகளின் பை, அரிசி டின். கரைமேல் நடந்து போகும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த முதல் வெயில். மற்றக் குளங்களில் தீனி விழுகிற இடத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எந்தப் பக்கமும் திரும்பாமல் நடந்தாள். கையைச் சோப்புப் போட்டு எத்தனையோ தடவை கழுவியும் அந்த நாற்றம் போகவில்லை.

பண்ணை வாசலில் காவல்காரன் கம்பிக் கதவைத் திறக்காமல் நின்றான். தினமும் மகள் பள்ளிக்கூடம் போகும்போது கதவைத் திறந்துவிட்டு, நல்லா படி என்று சொல்கிறவன்தான். அவனுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கோச்சுக்காதீங்கக்கா. தீனி ஏதாவது வெளிய போகுதான்னு பாத்து அனுப்பச் சொல்லிட்டாங்க. யாரு போனாலும் பாக்கணுமாம்."

புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மூட்டைகளை இறக்கி வைத்தார்கள். காவல்காரன் துணிகளை ஒவ்வொன்றாக உதறினான். பாயை விரித்தான். மகள் தன் பையைத் தானே கவிழ்த்துக் காட்டினாள். கடைசியாக அரிசி டின் இருந்தது. அவன் தயங்கினான். அவளே மூடியைத் திறந்தாள்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்கைவரை டின்னுக்குள் விட்டு அடியைத் துழாவினான். ஒரு பிடி அரிசியை அள்ளி வெளியே எடுத்து, வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகர்ந்து முடிக்கும்வரை அவள் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.